வேலையில் இருந்துகொண்டே எம்பிஏ: எப்போது சேர்வது, எப்போது தள்ளிப்போடுவது? தோட்டத்து நிர்வாகிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் சின்னத் துரையாக (உதவி மேலாளராக), ஆலை இன்ஜினியராக, பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தவுடன் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த யூனிவர்சிட்டி நல்லது?" ஞாயிற்றுக்கிழமை பசியாறும் கடையில் ரொட்டி சானாய் வருவதற்குள் பிரசுரத்தை மேசைமேல் விரித்துவிடுவார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்டால் விடை கிடைக்கும், ஆனால் படிப்பு முடியாது.

நான் 29 வயதில் ஒரு தடவை சேர்ந்து பாதியில் விட்டவன். 36 வயதில் மறுபடி சேர்ந்து முடித்தவன். முதல் தடவை பாடத்திலும் குறையில்லை, பல்கலைக்கழகத்திலும் குறையில்லை. சேர்ந்த நேரம்தான் தப்பு. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பாதியில் விட்டவர்களில் பாடம் புரியாமல் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டிரான்ஸ்பர், உச்சப் பருவம், வீடு, பணம் ஆகிய இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருந்தது.

கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. உங்கள் தோட்டத்தின் கடந்த மூன்று வருட மாதாந்தர மகசூல் கணக்கு. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை. கடைசி வருமான வரிக் கணக்கு. வேலை ஒப்பந்தக் கடிதம். படித்த சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும். அப்புறம் மூன்று மாதப் பொறுமை. கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை.

1. மூன்று மாதம் நோட்டில் எழுதுங்கள்

கூட்டத்தில் நீங்கள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்த ஒவ்வொரு சமயத்தையும் அன்றைக்கு இரவே ஒரு வரியில் எழுதுங்கள். உங்களால் முடியாது என்று வேறொருவரிடம் போன வேலைகளையும் எழுதுங்கள். தேதி போடுங்கள்.

என் நோட்டில் இருந்த ஒரு வரி: "பட்ஜெட் கூட்டம். ஒரு டன் பழக்குலைக்கு ஆகும் செலவு ஏன் கூடியது என்று கேட்டார்கள். உரம் விலை என்றேன். உரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் கூடித்தானே இருக்கிறது என்றார்கள். பதில் இல்லை." எனக்கு மரம் தெரியும், ஆள் தெரியும். கணக்குத் தாளைப் படிக்கத் தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் இதே மாதிரி ஒன்பது வரிகள் சேர்ந்தன.

ஏன் இது முதல் படி என்றால், "முன்னேற வேண்டும்" என்ற ஆசை மட்டும் இரவு ஒன்பதரைக்கு உங்களைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்காது. மறுநாள் ஐந்தரைக்குப் பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அவமானம் உட்கார வைக்கும்.

இங்கே நடக்கும் தவறு: கூட வேலை செய்யும் ஒருவர் எம்பிஏ சேர்ந்தார் என்று தானும் சேர்வது. அவருடைய நோட்டு வேறு.

மூன்று மாதத்தில் நான்கைந்து வரிகூடத் தேறவில்லையா? இப்போது படிப்பு வேண்டாம். அடுத்த வருடம் மறுபடி எழுதிப் பாருங்கள்.

2. வரிகளைப் பிரித்து, எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

எழுதியதை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

தொழில்நுட்ப வரிகள், அதாவது மண், உரம், நோய், ஆலை, எண்ணெய் இழப்பு போன்றவை, அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது எம்பிஏ இல்லை. தோட்ட நிர்வாகிகளுக்கு 1919 முதல் இருக்கும் ஐஎஸ்பி (இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ்) அமைப்பின் தொழில்முறைத் தேர்வுகள் இருக்கின்றன. ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்கு எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. ஐந்து வருட அனுபவம்கூட ஆகாத சின்னத் துரை யாராக இருந்தாலும் நான் முதலில் ஐஎஸ்பி பக்கம்தான் கையைக் காட்டுவேன். எம்பிஏ வகுப்பில் பேச அவரிடம் இன்னும் கதை சேரவில்லை.

ஒரே ஒரு திறமை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு இரண்டு மூன்று நாள் குறுகிய பயிற்சி போதும். எக்செல், நிதி அறிக்கை வாசிப்பது, தொழிலாளர் சட்டம், எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) தணிக்கை எல்லாம் இந்த வகை. ஒரு கொசுவுக்காக வீட்டையே புகை போட வேண்டியதில்லை.

கணக்கு, ஆள் நிர்வாகம், சந்தை, வேறு துறைகள் எப்படி யோசிக்கின்றன என்று பல திசையில் வரிகள் பரவிக் கிடந்தால், அப்போதுதான் பகுதி நேர எம்பிஏ பேச்சுக்கே வர வேண்டும். ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேல் அனுபவமும், கீழே பெரிய குழுவும் இருந்தால் எக்சிகியூட்டிவ் எம்பிஏவையும் பாருங்கள். அங்கே பாதிப் பாடம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமிருந்து வரும்.

நான்காவது குவியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "மேலாளர் என் பேச்சைக் கேட்கவில்லை", "என் பெயர் போட வேண்டிய இடத்தில் வேறு பெயர்" என்ற வரிகளே நோட்டு முழுக்க இருந்தால், உங்களுக்கு வேண்டியது வேறு வேலை. இரண்டு வருடமும் முப்பதாயிரம் வெள்ளியும் (ரிங்கிட்) செலவழித்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. டிரான்ஸ்பர் எப்போது வரும் என்று கணக்கிடுங்கள்

நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கேதான். ஜூலையில் கோலாலம்பூரில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். பதிவுக் கட்டணம், முதல் செமஸ்டர் கட்டணம் எல்லாம் கட்டியாயிற்று. செப்டம்பரில் மாற்றல் கடிதம் வந்தது: ஜோகூரில் ஒரு தோட்டம், இரண்டு வாரத்தில் பொறுப்பேற்க வேண்டும். புதுத் தோட்டம், புதுத் துரை (தோட்ட மேலாளர்), பழக்கமில்லாத ஆட்கள். வகுப்புக்குப் போக வார இறுதி விடுப்பு கேட்கும் நிலையில் நான் இல்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

விட்டுப் போன பழைய தோட்டத்தில் எனக்கு அது நான்காவது வருடம். அங்கே இருந்த சின்னத் துரைகள் எல்லாரும் மூன்று நான்கு வருடத்தில் மாற்றப்பட்டவர்கள்தான். கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணுவது எளிது. உங்கள் பதவியில் உங்களுக்கு முன் இருந்த மூன்று பேர் எத்தனை வருடம் இருந்தார்கள் என்று அலுவலகப் பெரிய கிராணியிடம் கேளுங்கள், அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். நீங்கள் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கழியுங்கள். மிச்சம் இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் இப்போது சேராதீர்கள்.

மாற்றலாகி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சேர்வதுதான் நல்ல சமயம். முதல் ஆறு மாதம் புது இடம் பழக வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போட்டால் அடுத்த கடிதத்துக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள்.

"நிச்சயமாகத் தெரியாதே, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமே" என்பார்கள். சரிதான். அதனால்தான் முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்பு தோட்டக்காரர்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் வகுப்பறையில் மற்ற துறைக்காரர்களோடு உட்காருவதுதான் உங்கள் நோட்டுக்குத் தேவை என்றால் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது.

4. தோட்டத்து நாட்காட்டியின் மேல் செமஸ்டரை வைத்துப் பாருங்கள்

ஒரு பெரிய தாளில் 24 கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. மகசூல் கணக்கை எடுத்து, அதிகப் பழம் வரும் மாதங்களைக் கறுப்பாக்குங்கள். தீபகற்பத்தில் செம்பனை பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை உச்சத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இறங்கும். உங்கள் தோட்டம் ஒரு மாதம் முன்பின் இருக்கலாம், அதனால்தான் மூன்று வருடக் கணக்கு கேட்டேன்.

உச்சப் பருவத்தில் அறுவடைச் சுற்று பிந்தினால் பழம் கனிந்து உதிரும். பொறுக்க ஆள் போதாது. ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓடும். அந்த மாதத்தில் "எனக்குப் பரீட்சை" என்று சொன்னால் துரை முகத்தில் சிரிப்பு இருக்காது. தப்பு அவர்மேல் இல்லை.

அப்புறம் மற்றதைக் கறுப்பாக்குங்கள். உங்கள் கம்பெனியின் பட்ஜெட் மாதம். எம்எஸ்பிஓ தணிக்கை. கணக்குப் பிரிவில் இருந்தால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். ஆலையில் இருந்தால் பாய்லர் பரிசோதனைக்காக ஆலையை நிறுத்தும் வாரங்கள். தீபாவளிக்கு ஆட்கள் விடுப்பில் போகும்போது யார் பொறுப்பில் இருப்பார்கள்? பிள்ளைக்கு எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) வருடமா? தங்கைக்குக் கல்யாணமா? எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.

இப்போது பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியை இதன்மேல் வையுங்கள். பல இடங்களில் செப்டம்பர்–அக்டோபர் சேர்க்கையும் பிப்ரவரி–மார்ச் சேர்க்கையும் உண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு நான் எப்போதும் பிப்ரவரி–மார்ச்சைத்தான் சொல்வேன். முதல் செமஸ்டர் குறைந்த பழப் பருவத்தில் தொடங்கி, உச்சம் வருவதற்குள் முடியும் தறுவாயில் இருக்கும். படிக்கும் பழக்கம் திரும்ப வருவதற்கு முதல் நான்கு மாதம் ஆகும். அந்த நான்கு மாதம் அமைதியாக இருக்க வேண்டும். இரண்டாவது செமஸ்டர் எப்படியும் உச்சத்தில் மாட்டும், அதற்கு ஒரே ஒரு பாடம் மட்டும் எடுங்கள்.

இங்கே வரும் தவறு: "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று முதல் செமஸ்டரிலேயே நான்கு பாடம் எடுப்பது. என்னிடம் வந்த ஆலை இன்ஜினியர் ஒருவர் அப்படித்தான் எடுத்தார். செப்டம்பரில் ஆலை இரவு பகலாக ஓடியது. நான்கில் இரண்டு பாடம் மறுபடி கட்டணம் கட்டி எழுத வேண்டியதாயிற்று. மொத்தத்தில் மெதுவாகப் போனவரைவிட ஒரு செமஸ்டர் பிந்தித்தான் முடித்தார்.

5. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள்

பிரசுரத்தில் "மாதம் இரண்டு வார இறுதி மட்டும்" என்று இருக்கும். அது வகுப்பு நேரம். உண்மையான கணக்கு வேறு.

மலேசியாவில் பாட வகுப்புகளால் ஆன முதுகலைப் படிப்புக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரம், வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து. ஆக மொத்தம் 1,600 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குச் சுமார் 15 மணி. இரண்டரை வருடமாக நீட்டினால் சுமார் 12 மணி.

பிரட்டு ஐந்தரைக்கு என்றால் இரவு பத்தரைக்குமேல் படிப்பது பகல் கனவு. இரவு எட்டரை முதல் பத்தரை வரை வாரத்தில் மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் என்று வைத்தால் 12 ஆகிறது. அதனால் தோட்டத்தில் இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டரை வருடத் திட்டம் போடுங்கள். இரண்டு வருடத் திட்டம் அலுவலக வேலைக்காரர்களுக்கானது.

பயண நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் காடியில் போனால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவது தடவை இடிஎஸ் ரயிலுக்கு மாறினேன். காடியில் அந்த நேரம் வீண், ரயிலில் வாசிக்கலாம். முதல் தடவை தாப்பா ஓய்விடத்தில் காடியை நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் லேப்டாப்பைச் சாய்த்து, இரவு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அசைன்மென்ட் அனுப்பியிருக்கிறேன். அதில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல விருப்பமில்லை.

சேரும் முன் நான்கு வாரம் ஒத்திகை பாருங்கள். மேலே சொன்ன அதே மணி நேரம், ஏதாவது ஒரு கணக்கியல் புத்தகத்தோடு. நான்கில் மூன்று வாரம் முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் உங்கள் பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

6. வீட்டில் பேசுங்கள், துரையிடம் பேசுவதற்கு முன்

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. துரை சரி என்று சொன்னபிறகு வீட்டில் சொன்னால் அது கேள்வியாக இருக்காது, அறிவிப்பாக இருக்கும்.

நான் 24 கட்டத் தாளை அப்படியே சாப்பாட்டு மேசையில் வைத்தேன். என் மனைவி கறுப்புக் கட்டங்களைப் பார்க்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை சின்னவனை ஈப்போ டியூஷனுக்கு யாருங்க கொண்டு போறது?" என்றுதான் கேட்டார். நான் யோசித்தே இருக்கவில்லை. கடைசியில் அவன் டியூஷன் சனிக்கிழமை மாலைக்கு மாறியது, மச்சான் கொண்டுபோனார், பதிலுக்கு அவர் கடைக் கணக்கை மாதம் ஒருமுறை நான் பார்த்துக் கொடுத்தேன். இந்த மாதிரி சின்ன ஏற்பாடுகளில்தான் இரண்டரை வருடம் நகர்ந்தது.

அம்மா அப்பா கூட இருந்தால், அவர்களுடைய மருத்துவமனைத் தவணை நாட்களையும் தாளில் ஏற்றுங்கள்.

7. துரையிடம் ஒரு பக்கத் தாளோடு போங்கள்

வெறுங்கையோடு போய் "சார், எம்பிஏ பண்ணலாம்னு இருக்கேன்" என்றால், "நல்லது, பண்ணுங்க" என்று பதில் வரும். அதில் விடுப்பும் இல்லை, பணமும் இல்லை, ஞாபகமும் இருக்காது.

ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். நோட்டிலிருந்து எடுத்த, அவருக்கும் தலைவலியாக இருக்கும் ஒரு பிரச்சினை. வகுப்பு நாட்கள், அன்று உங்கள் பொறுப்பை யார் பார்ப்பார் என்ற பெயர். முதல் வருட அசைன்மென்டில் இந்தத் தோட்டத்தின் எந்தக் கணக்கை ஆராயப் போகிறீர்கள் என்பது. "சார், அந்தச் செலவுக் கணக்கையே என் பாடத்துக்கு எடுத்துக்கிறேன், முடிஞ்சதும் உங்களுக்கும் ஒரு காப்பி தர்றேன்" என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆனால் கம்பெனிக் கணக்கை வெளியே கொண்டுபோக எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஒருவர் விளக்கக் கடிதம் எழுதும் நிலைக்குப் போனார்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: படித்து முடித்தால் உங்களை எங்கே பயன்படுத்துவார்கள்? அவரிடம் பதிலே இல்லை என்றால் நீங்கள் வேறு கம்பெனிக்காகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அதுவும் தப்பில்லை. ஆனால் அப்படியென்றால் கம்பெனிப் பணத்தைத் தொடாதீர்கள்.

ஏனென்றால் பாண்டு இருக்கும். கம்பெனி 30,000 வெள்ளி கட்டி, முடித்தபின் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் விலகினால், மிச்ச விகிதத்துக்கு மட்டும் என்றால் 10,000 திருப்பித் தர வேண்டும். முழுத்தொகை என்று எழுதியிருந்தால் 30,000. எந்த வகை என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். மூன்று வருடம் சேர்ந்த நாளிலிருந்தா, பட்டம் வாங்கிய நாளிலிருந்தா என்பதையும் பாருங்கள். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

8. பணத்தை எந்தப் பையிலிருந்து எடுப்பது

குறுகிய பயிற்சிக்கு உங்கள் பணத்தைத் தொடவே வேண்டாம். மலேசியத் தொழிலாளர்கள் 10 பேர் அல்லது அதற்குமேல் உள்ள முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் என்ற ஊழியர் பயிற்சி நிதி அமைப்புக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். 2021இலிருந்து தோட்டத்துறையும் இதில் அடக்கம். உங்கள் பெயரில் பயிற்சி மானியம் கேட்க வேண்டியது கம்பெனிதான், அதுவும் பயிற்சி தொடங்கும் முன். "போய்ட்டு வந்து கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று போனவர்கள் கைக்காசை இழந்தார்கள்.

எம்பிஏவுக்கு நீங்களே கட்டினால் வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு வருடத்துக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. வரி விதிக்கத்தக்க வருமானம் 50,000க்கும் 70,000க்கும் இடையில் இருப்பவருக்கு வரி 11 விழுக்காடு, அதாவது மிச்சம் 770 வெள்ளி வரை. 70,000க்கும் 100,000க்கும் இடையில் 19 விழுக்காடு, 1,330 வரை. இது ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனி. 28,000 வெள்ளியை ஒரே வருடத்தில் மொத்தமாகக் கட்டினால் ஒரு தடவைதான் கழிவு. செமஸ்டர் வாரியாக மூன்று நாட்காட்டி வருடத்தில் கட்டினால் மூன்று தடவை. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொல்வார்கள், அந்தத் தள்ளுபடியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இபிஎஃப்பில் கை வைப்பது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு மூன்றாகிவிட்டது. புதுச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ராவுக்கும், 10 விழுக்காடு பிளெக்சிபலுக்கும் போகிறது. கல்விக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. வீடு வாங்க எடுப்பதும் அதே செஜாத்ராவிலிருந்துதான்.

பட்டணத்து வேலைக்காரருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நாம் பங்களாவிலோ குவார்ட்டர்ஸிலோ இருக்கிறோம். வேலை முடிகிற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். லயத்தில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, 60 வயதில் வாடகை வீடு தேடுகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். சொந்த வீடு இன்னும் வாங்கவில்லை என்றால் செஜாத்ராவைப் படிப்புக்குத் தொடாதீர்கள். வீடு வாங்கி, முன்பணமும் கட்டி முடித்தவர் வேண்டுமானால் யோசிக்கலாம். அப்போதும் 2024க்கு இபிஎஃப் கொடுத்த 6.30 விழுக்காடு லாப ஈவை நினைத்துக்கொண்டு யோசியுங்கள்.

கிரெடிட் கார்டில் செமஸ்டர் கட்டணம் கட்டாதீர்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

9. இப்போது பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள்

முதல் வேலை, பிரசுரத்தை மூடிவிட்டு எம்கியூஏவின் (மலேசியக் கல்வித் தகுதி நிறுவனம்) எம்கியூஆர் என்ற அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுவது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் தேடினால் போதாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனிப் பதிவு உண்டு. முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா, உங்களுக்குச் சொன்ன கற்பித்தல் முறைதான் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"எக்சிகியூட்டிவ்" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. பயிற்சி நிலையங்கள் தரும் எக்சிகியூட்டிவ் டிப்ளோமா எல்லாம் எம்கியூஆரில் இருப்பதில்லை. அதில் கற்பதற்கு விஷயம் இருக்கலாம். ஆனால் அதைக் காட்டி முதுகலையில் சேரலாம் என்று நம்பிப் பணம் கட்டியவர் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்.

பட்டம் இல்லாத பெரிய கிராணிகளுக்கு ஒரு நல்ல செய்தி: வேலை அனுபவத்தில் கற்றதை அங்கீகரிக்கும் ஏபெல் என்ற வழி. 30 வயது நிரம்பி, எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமாவும், தொடர்புடைய வேலை அனுபவமும் இருந்தால், அனுபவக் கோப்பு காட்டி, மதிப்பீட்டில் தேறி, முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கோப்பு தயாரிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். பழைய பதவி உயர்வுக் கடிதங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் தேவைப்படும், மழையில் நனைந்த பெட்டியை இப்போதே திறந்து பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, கோலாலம்பூரில் 2015இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்ஐடி ஸ்லோன் நிர்வாகப் பள்ளியும் சேர்ந்து தொடங்கிய ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் முதல், திறந்த பல்கலைக்கழகங்களின் இணையவழிப் படிப்பு வரை எல்லா விலையிலும் இருக்கிறது. பினாங்கில் யூஎஸ்எம், செர்டாங்கில் யூபிஎம் என்ற பொதுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. விவசாயத்தில் வேர் விட்ட யூபிஎம் தோட்டத்துக்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. உங்கள் தாளில் வெள்ளைக் கட்டம் எத்தனை, நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு இந்தத் தேர்வு ஒரு மாலை வேலைதான்.

முடிவு செய்யும் முன், படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். முடித்தவரிடம் கேட்டால் பழைய கஷ்டம் இனிப்பாகியிருக்கும். "போன செமஸ்டர் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் நின்றார்கள்?" என்று கேளுங்கள்.

10. வயது பற்றி

இதற்குத் தனிப் படி தேவையில்லைதான், ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள். குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 45 வயதில் முடித்தால் 15 வருடம் பயன்படுத்தலாம். 52இல் முடித்தால் 8. எட்டு வருடத்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்டால், வெளியே ஆலோசகராகப் போகும் எண்ணம் இருந்தால் சரி, இல்லையென்றால் குறுகிய பயிற்சிகள் போதும் என்பேன். கீழ்ப் பக்கம், 27 வயதில் சேர்பவர்களைத்தான் நான் அதிகம் தடுத்திருக்கிறேன். முப்பதுகளின் நடுவில், ஒரு தோட்டத்தின் அல்லது ஒரு பிரிவின் கணக்குக்கு நீங்களே பதில் சொல்லத் தொடங்கிய அடுத்த வருடம், பாடம் நன்றாக ஒட்டும்.

11. விண்ணப்பமும் முதல் மாதமும்

பிப்ரவரி–மார்ச் சேர்க்கை என்றால் முந்தின ஜூனில் நோட்டைத் தொடங்குங்கள். செப்டம்பரில் தாளும் ஒத்திகையும். உச்சப் பருவத்தில் ஒத்திகை பார்ப்பது நல்லது, அதில் தேறினால் எதிலும் தேறுவீர்கள். அக்டோபரில் வீடும் துரையும். நவம்பரில் விண்ணப்பம். பட்டதாரியாக நேரடியாகச் சேர்பவர் மொத்த சிஜிபிஏ 2.50 அல்லது அதற்குமேல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அனுபவத்தை வைத்து வழி உண்டு, ஆனால் கூடுதல் கடிதங்கள் கேட்பார்கள், நேரம் பிடிக்கும்.

இடம் கிடைத்த வாரமே வகுப்புத் தேதிகளை அலுவலக நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள், பிரட்டு நடக்கும் இடத்தில் மண்டோர்கள் (ஆட்களின் மேற்பார்வையாளர்கள்) கண்ணில் படும்படி. அந்த நாட்களில் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தால், வகுப்பு நடுவில் உங்கள் கைபேசி அடிக்காது.

அதே வாரம் பல்கலைக்கழகத்திடம் செமஸ்டரை ஒத்திவைக்கும் படிவத்தை வாங்கி வையுங்கள். எத்தனை தடவை ஒத்திவைக்கலாம், எந்தத் தேதிக்குள் கொடுத்தால் கட்டணம் அடுத்த செமஸ்டருக்கு மாறும், அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்ற மூன்றையும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது நான்காவது செமஸ்டரில் தேவைப்பட்டது, அப்பா ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது. படிவம் கையில் இருந்ததால் வார்டு வராந்தாவிலேயே நிரப்பி, படம் பிடித்து அனுப்பினேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது.